விசாவை இழக்காமல் கல்வி நிறுவனம் மாறுதல்

யாழ்ப்பாணக் குடாநாட்டிலிருந்து வெளிநாடு சென்று படிக்கும் மாணவர் பலர் பிரித்தானியா, கனடா, அவுஸ்திரேலியா ஆகிய மூன்று நாடுகளையே தெரிவு செய்கின்றனர். அங்கு சென்ற பின்னர் கட்டணம் கட்டுப்படியாகாமை, பாடநெறி ஒத்துவராமை, உறவினர் வேறு நகரில் இருத்தல் போன்ற காரணங்களால் கல்வி நிறுவனத்தை மாற்ற விரும்புவோரும், படிப்பு முடிந்ததும் வேறு விசாவுக்கு மாற விரும்புவோரும் உண்டு. இவ்விரண்டும் சட்டத்துக்கு உட்பட்டவையே. ஆயினும் செய்யும் ஒழுங்கு பிழைத்தால், காணியை ஈடுவைத்தும் நகையை அடகுவைத்தும் குடும்பம் அனுப்பிய பிள்ளை, படிப்பையும் விசாவையும் ஒருசேர இழக்க நேரிடும். எனவே இவ்வத்தியாயம் எதை முதலில் செய்யவேண்டும், எதைப் பின்னர் செய்யவேண்டும் என்பதையே முதன்மையாகக் கொள்கிறது. இங்கு தரப்படும் தொகைகளும் விதி மாற்றங்களும் அவை நடைமுறைக்கு வந்த திகதியோடு குறிக்கப்பட்டுள்ளன. குடிவரவு விதிகள் ஆண்டுதோறும் மாறுவதால், விண்ணப்பிக்கும் நாளில் அந்நாட்டு அரசின் இணையதளத்தில் அவற்றை மீண்டும் ஒப்பிட்டுக்கொள்வது இன்றியமையாதது.

1. மாணவர் விசா எதைச் சார்ந்து நிற்கிறது?

மாணவர் விசா என்பது ஒரு நாட்டில் வசிப்பதற்கான பொது அனுமதி அன்று. குறித்த கல்வி நிறுவனத்தில், குறித்த தரத்திலான பாடநெறியை, குறித்த காலத்துக்குள் படிப்பதற்காக மட்டும் வழங்கப்படும் அனுமதியே அது. நிறுவனம், பாடநெறியின் தரம், காலம் ஆகிய மூன்றில் ஒன்று மாறினாலும், கையிலுள்ள விசா அம்மாற்றத்துக்கு இடங்கொடுக்கிறதா என்று பார்க்கவேண்டும். விசாவில் அச்சிடப்பட்ட முடிவுத் திகதி இன்னும் வரவில்லை என்பது மட்டும் பாதுகாப்பு ஆகாது. மாணவர் விலகினால் அல்லது வகுப்புக்கு வராவிட்டால் அதைக் குடிவரவு அதிகாரிகளுக்கு அறிவிக்கும் கடமை மூன்று நாடுகளிலும் கல்வி நிறுவனங்களுக்கு உண்டு. அவ்வறிவிப்பின் பேரில் அனுமதி இடைநடுவிலேயே முடிவுறுத்தப்படலாம்.

2. எந்த நாட்டுக்கும் பொருந்தும் ஒழுங்கு

1. கையிலுள்ள விசாவின் நிபந்தனைகளை வாசித்து, அதில் நிறுவனத்தின் பெயர் குறிக்கப்பட்டுள்ளதா, முடிவுத் திகதி யாது, வேலை செய்யும் மணித்தியால எல்லை எவ்வளவு என்பவற்றைத் தனித்தாளில் குறித்துக்கொள்ள வேண்டும்.

2. தற்போதைய நிறுவனத்தின் சர்வதேச மாணவர் பிரிவிடம், மாறினால் கட்டணத்தில் எவ்வளவு மீளக் கிடைக்கும், விலகல் எந்த நாளில் குடிவரவுத் திணைக்களத்துக்கு அறிவிக்கப்படும் என்ற இரண்டையும் மின்னஞ்சல் வழியாகக் கேட்டு, எழுத்தில் பதில் பெறவேண்டும். இக்கட்டத்தில் விலகல் படிவத்தில் கையொப்பமிடுதல் கூடாது.

3. புதிய நிறுவனம் சர்வதேச மாணவரைச் சேர்க்க அரசின் அங்கீகாரம் பெற்றதா என்பதை அந்நாட்டு அரசின் பட்டியலிலேயே பார்க்கவேண்டும். முகவர் காட்டும் பிரசுரமோ நிறுவனத்தின் சொந்த விளம்பரமோ இதற்குச் சான்றாகாது.

4. புதிய நிறுவனத்தின் அனுமதிக் கடிதத்தையும், விசா விண்ணப்பத்துக்கு வேண்டிய உறுதிப்பத்திரத்தையும் பெறவேண்டும்.

5. பணச் சான்று, மொழித் தேர்ச்சிச் சான்று, கடவுச்சீட்டு ஆகியவற்றின் செல்லுபடிக் காலத்தைச் சரிபார்த்து, தற்போதைய விசா முடியுமுன் விண்ணப்பத்தைச் சமர்ப்பிக்க வேண்டும்.

6. முடிவு வரும்வரை பழைய நிறுவனத்தில் பதிவையும் வரவையும் தொடரவேண்டும். முடிவுக்கு முன்னரே புதிய நிறுவனத்தில் படிக்கலாம் என்று அந்நாட்டு விதி வெளிப்படையாகச் சொல்லும்போது மட்டுமே இதற்கு விலக்கு உண்டு.

7. புதிய அனுமதி கிடைத்த பின்னரே பழைய நிறுவனத்திலிருந்து முறைப்படி விலகி, அதற்கான கடிதத்தைப் பெற்றுப் பாதுகாக்க வேண்டும்.

இவ்வேழு படிகளில் ஏழாவதை முதலில் செய்வதே மாணவர் செய்யும் பிழைகளில் மிகப் பெரியது. கட்டணத் தவணையைச் செலுத்தமுடியாமல் முதலில் விலகிவிட்டு, ‘பிறகு பார்ப்போம்’ என்று இருப்பவருக்கு, புதிய இடம் கிடைக்குமுன் விசா போய்விடும்.

3. பிரித்தானியா

பிரித்தானியாவின் தற்போதைய மாணவர் விசா முறை 2020 ஒக்டோபர் 5 முதல் நடைமுறையில் உள்ளது. ‘காஸ்’ என மாணவர் அழைக்கும் சேர்க்கை உறுதிப்பத்திரமே இதன் அச்சாணி. உரிமம் பெற்ற கல்வி நிறுவனம், ‘இந்த மாணவருக்கு நாம் பொறுப்பு’ என்று உள்துறை அமைச்சுக்கு மின்முறையில் தெரிவிக்கும் பதிவு எண் அது. அதன் செல்லுபடிக் காலம் ஆறு மாதம். நிறுவனம் மாறினால் புதிய காஸும் புதிய விசா விண்ணப்பமும் கட்டாயம் தேவை.

*உள்நாட்டிலேயே விண்ணப்பிக்கும் முறை*

1. முதற் பாடநெறி முடிந்துவிட்டதா என்று பார்க்கவேண்டும். நாட்டுக்குள் இருந்தே விண்ணப்பிப்பவர், கடைசியாக விசா பெற்ற பாடநெறியை வெற்றியாக முடித்து, அடுத்த படிக்குச் செல்வதாகக் காட்டவேண்டும் என்பது பொது விதி. ‘கல்வி முன்னேற்றம்’ எனப்படும் இவ்விதிக்குச் சில விலக்குகள் உண்டாயினும், பாடநெறியை இடையில் விட்டு வேறு பல்கலைக்கழகத்துக்கு மாறுவோர் பலர், இலங்கைக்குத் திரும்பி இங்கிருந்து புதிதாக விண்ணப்பிக்க வேண்டியவராகின்றனர். விமானச் சீட்டும், விசாக் கட்டணமும், சுகாதார மேலதிகக் கட்டணமும் மீண்டும் செலவாகும் என்பதை முடிவெடுக்குமுன்னரே கணக்கிடவேண்டும்.

2. புதிய பாடநெறி, தற்போதைய விசா முடிந்து 28 நாளுக்குள் தொடங்குவதாக இருக்கவேண்டும். தொடக்கத் திகதிக்கு மூன்று மாதத்துக்கு முன்னர் உள்நாட்டிலிருந்து விண்ணப்பிக்க இயலாது.

3. பணச் சான்றைத் தயார்செய்ய வேண்டும். 2025 நவம்பர் 11 முதல் மாதாந்த வாழ்க்கைச் செலவுக்கு இலண்டனில் 1,529 பவுணும், இலண்டனுக்கு வெளியே 1,171 பவுணும், அதிகபட்சம் ஒன்பது மாதத்துக்குக் காட்டவேண்டும். அதன்படி ஒன்பது மாதத்துக்கு இலண்டனில் 13,761 பவுணும் வெளியே 10,539 பவுணும், செலுத்தவேண்டிய கல்விக் கட்டணத்துக்கு மேலாகக் கணக்கில் இருக்கவேண்டும். செல்லுபடியான அனுமதியோடு 12 மாதமோ அதற்கு மேலோ நாட்டில் இருந்தவர் இச்சான்றைக் காட்டத் தேவையில்லை.

4. அப்பணம் தொடர்ச்சியாக 28 நாள் கணக்கில் இருக்கவேண்டும். அந்த 28 நாளின் கடைசி நாள், விண்ணப்ப நாளுக்கு 31 நாளுக்கு மேல் முற்பட்டதாக இருக்கக்கூடாது. எடுத்துக்காட்டாக, ஓகஸ்ட் 15 அன்று விண்ணப்பிப்பவரின் வங்கிக் கூற்று ஜூலை 15 அல்லது அதற்குப் பிந்திய நாளில் முடிந்திருக்க வேண்டும். இடையில் ஒரே ஒரு நாள் இருப்பு குறைந்தாலும் விண்ணப்பம் நிராகரிக்கப்படலாம்.

5. விண்ணப்பம் சமர்ப்பித்த பின்னர், முடிவு வரும்வரை பழைய அனுமதியின் நிபந்தனைகள் சட்டப்படி நீடிக்கும். முடிவு வருமுன் நாட்டைவிட்டு வெளியேறினால் விண்ணப்பம் கைவிடப்பட்டதாகவே கொள்ளப்படும். ஆகவே ஊரில் கோயில் திருவிழா, திருமண வீடு எதுவாயினும் பயணத்தைத் தள்ளிவைப்பதே அறிவுடைமை.

*எச்சரிக்கை.* மாணவர் விலகியதாகப் பல்கலைக்கழகம் அறிவித்தால், உள்துறை அமைச்சு வழக்கமாக 60 நாள் அவகாசம் விட்டு விசாவின் காலத்தைக் குறைக்கும். அறிவித்தல் மின்னஞ்சலுக்கே வரும். அட்டை வடிவ வதிவிட அனுமதிகள் 2024 இறுதியோடு வழக்கொழிந்து மின்விசா நடைமுறைக்கு வந்துவிட்டமையால், மாணவர் தம் இணையக் கணக்கைத் தாமே திறந்து பார்க்கக்கூடியவராக இருக்கவேண்டும். கடவுச்சீட்டைப் புதுப்பித்தவர் புதிய எண்ணையும் அக்கணக்கில் பதியவேண்டும்.

4. கனடா

கனடாவில் விசா வேறு, படிப்பு அனுமதி வேறு. விசா நாட்டுக்குள் நுழைவதற்கானது. உள்ளே இருந்து படிப்பதற்கான உரிமையைத் தருவது படிப்பு அனுமதியே. 2024 நவம்பர் 8 வரை, பல்கலைக்கழக, கல்லூரி மாணவர் நிறுவனம் மாறினால் இணையக் கணக்கில் அதைத் தெரிவித்தாலே போதுமாக இருந்தது. அன்று முதல் அந்நடைமுறை ஒழிந்து, நிறுவனம் மாறுவோர் புதிய படிப்பு அனுமதிக்கு விண்ணப்பித்துப் பெறவேண்டும் என விதி மாற்றப்பட்டது. 2023 அளவில் சென்ற அண்ணன்மாரோ அக்காமாரோ சொல்லும் ‘கணக்கில் மாற்றிவிட்டால் சரி’ என்ற ஆலோசனை இப்போது செல்லாது.

*படிமுறை*

1. புதிய நிறுவனம், சர்வதேச மாணவரைச் சேர்க்க மாகாண அரசு நியமித்த நிறுவனங்களின் பட்டியலில் உள்ளதா என்றும், அங்கு படித்தால் படிப்புக்குப் பிந்திய வேலை அனுமதி கிடைக்குமா என்றும் பார்க்கவேண்டும். இவை இரண்டு வெவ்வேறு கேள்விகள். முதலாவதற்கு ‘ஆம்’ என்று விடை வருவதால் இரண்டாவதற்கும் அதுவே விடையாகிவிடாது.

2. அனுமதிக் கடிதத்தோடு மாகாண உறுதிக்கடிதத்தையும் பெறவேண்டும். ஒவ்வொரு மாகாணத்துக்கும் ஒதுக்கப்பட்ட மாணவர் எண்ணிக்கையில் இவருக்கு இடமுண்டு என மாகாண அரசு வழங்கும் கடிதம் அது. 2024 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. அதே நிறுவனத்தில் அதே தரத்தில் படிப்பை நீடிப்பவருக்கு இது தேவையில்லை. நிறுவனம் மாறுவோருக்குத் தேவை. அரச நிறுவனங்களில் முதுமாணி, கலாநிதிப் படிப்புக்குச் செல்வோருக்கு 2026 ஜனவரி 1 முதல் விலக்கு உண்டு. கியூபெக் மாகாணத்தில் அம்மாகாண அரசின் தனி ஏற்புச் சான்றிதழ் தேவை.

3. பணச் சான்று காட்டவேண்டும். 2025 செப்டெம்பர் 1 முதல், கியூபெக் தவிர்ந்த மாகாணங்களில் தனி மாணவர் ஒருவர் கல்விக் கட்டணமும் பயணச் செலவும் நீங்கலாக ஆண்டுக்கு 22,895 கனடிய டொலர் காட்டவேண்டும்.

4. தற்போதைய அனுமதி முடியுமுன் இணையவழியாக விண்ணப்பிக்க வேண்டும். கடவுச்சீட்டு முடியும் நாளுக்கு அப்பால் படிப்பு அனுமதி வழங்கப்படமாட்டாது. ஆதலால் முதலில் கடவுச்சீட்டைப் புதுப்பித்துக்கொள்வது நல்லது.

5. புதிய அனுமதி கையில் கிடைத்த பின்னரே புதிய நிறுவனத்தில் வகுப்பைத் தொடங்கவேண்டும்.

*குறிப்பு.* படிப்பு முடிந்து 90 நாளில் படிப்பு அனுமதி தானாகவே செல்லுபடியற்றதாகும். அதில் அச்சிட்ட திகதி பிந்தியதாக இருந்தாலும் இதுவே விதி. அடுத்த பாடநெறிக்குரிய கடிதத்துக்காகக் காத்திருப்போர் இந்நாளைக் குறித்துவைக்க வேண்டும்.

*எச்சரிக்கை.* வகுப்புக் காலத்தில் வளாகத்துக்கு வெளியே வாரத்துக்கு 24 மணித்தியாலம் வரை வேலை செய்யலாம். ஆயினும் ஒரு நிறுவனத்தை விட்டு மற்றதில் வகுப்புத் தொடங்கும்வரையுள்ள இடைவெளியில் மாணவர் படிப்பவராகக் கருதப்படாமையால் வேலை செய்யும் உரிமையும் இல்லை. அக்காலத்தில் வேலை செய்தமை வரிப் பதிவில் வெளிப்பட்டு, பின்னாளில் நிரந்தர வதிவிட விண்ணப்பத்தையே பாதிக்கக்கூடும்.

5. அவுஸ்திரேலியா

அவுஸ்திரேலியாவின் மாணவர் விசா 500 ஆம் உபவகுப்பு எனப்படும். அங்கு மாற்றத்தைக் கட்டுப்படுத்தும் விதிகள் இரண்டு.

முதலாவது ஆறு மாத விதி. மாணவர் தம் முதன்மைப் பாடநெறியில் ஆறு மாதம் முடிக்குமுன் வேறு நிறுவனத்துக்கு மாறுவதாயின், தற்போதைய நிறுவனம் விடுவிப்பு வழங்கவேண்டும். முதன்மைப் பாடநெறி என்பது விசாவில் அடங்கிய பாடநெறிகளில் உயர்ந்தது. ஆங்கில வகுப்பு, டிப்ளோமா, இளமாணி ஆகிய மூன்றும் ஒரே தொடராக எடுத்தவருக்கு ஆறு மாதம் இளமாணிப் படிப்புத் தொடங்கிய நாளிலிருந்தே எண்ணப்படும். ‘நாட்டுக்கு வந்து ஆறு மாதம்’ என்று எண்ணி ஏமாறுவோர் பலர்.

இரண்டாவது தர விதி. 8202 ஆம் இலக்க நிபந்தனையின்படி, விசா வழங்கப்பட்ட தரத்திலோ அதற்கு மேற்பட்ட தரத்திலோ மாணவர் பதிவாகியிருக்க வேண்டும். கலாநிதிப் படிப்பிலிருந்து முதுமாணிக்கு இறங்குவது மட்டுமே விலக்கு. இளமாணியிலிருந்து கட்டணம் குறைந்த டிப்ளோமாவுக்கு இறங்குபவர் புதிய மாணவர் விசாவுக்கு விண்ணப்பிக்க வேண்டும். இறங்கிவிட்டுப் பேசாதிருந்தால் விசா இரத்தாகும் வாய்ப்பு உண்டு.

*படிமுறை*

1. புதிய நிறுவனத்தின் அனுமதிக் கடிதத்தைப் பெற்று, அதை இணைத்து விடுவிப்புக் கோரும் விண்ணப்பத்தைத் தற்போதைய நிறுவனத்தில் கொடுக்கவேண்டும். விடுவிப்புக்குக் கட்டணம் அறவிடுதல் கூடாது.

2. மறுக்கப்பட்டால் காரணம் எழுத்தில் தரப்படவேண்டும். 20 வேலை நாளுக்குள் நிறுவனத்துக்குள்ளேயே மேன்முறையீடு செய்து, அதுவும் தோற்றால் வெளியிலுள்ள குறைகேள் அதிகாரியிடம் முறையிடலாம். அதுவரை வகுப்புக்குச் செல்வதை நிறுத்தக்கூடாது.

3. விடுவிப்புக் கிடைத்ததும் புதிய சேர்க்கை உறுதிப்பத்திரத்தைப் பெறவேண்டும். 2025 ஜனவரி 1 முதல், நாட்டுக்குள் இருந்து மாணவர் விசாவுக்கு விண்ணப்பிப்போர் வெறும் அனுமதிக் கடிதத்தைக் காட்டி விண்ணப்பிக்க முடியாது, உறுதிப்பத்திரமே தேவை.

4. புதிய விசா தேவைப்படுவோர் கட்டணத்தைக் கணக்கில் கொள்ளவேண்டும். 2025 ஜூலை 1 முதல் அது 2,000 அவுஸ்திரேலிய டொலர். 2024 மே 10 முதல் ஓராண்டு வாழ்க்கைச் செலவுக்கு 29,710 டொலர் காட்டவேண்டும்.

5. விண்ணப்பத்தோடு கிடைக்கும் இணைப்பு விசா, முடிவு வரும்வரை நாட்டில் இருக்க உரிமை தரும். வெளியே சென்று திரும்புவதற்கு ‘பி’ வகை இணைப்பு விசாவைத் தனியே பெறவேண்டும்.

*குறிப்பு.* புதிய விண்ணப்பத்தில், 2024 மார்ச் 23 முதல் உள்ள ‘உண்மையான மாணவர்’ வினாக்களுக்கு விடையளிக்க வேண்டும். ஏன் மாறுகிறார், முன் படிப்போடு அது எவ்வாறு தொடர்புறுகிறது, அது எதிர்காலத் தொழிலுக்கு எவ்வாறு உதவும் என்பவற்றை மாணவர் தம் சொந்தச் சொற்களில் எழுதவேண்டும். முகவர் பலருக்கு எழுதிக்கொடுக்கும் ஒரே பந்தி இங்கு மிகுந்த தீங்கு விளைவிக்கும். புதிய முகவரியை ஏழு நாளுக்குள் கல்வி நிறுவனத்துக்குத் தெரிவிப்பதும் விசா நிபந்தனைகளுள் ஒன்று.

6. தமிழ்நாடு

மேற்கூறிய மூன்று நாடுகளைத் தவிர, தமிழ்நாட்டுக் கல்லூரிகளுக்குச் செல்வோரும் உண்டு. அவர்கள் 180 நாளுக்கு மேற்பட்ட மாணவர் விசாவில் சென்றால், இந்தியாவை அடைந்து 14 நாளுக்குள் வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்தில் இணையவழியாகப் பதியவேண்டும். கல்லூரியையோ பாடநெறியையோ மாற்ற விரும்புவோர் அவ்வலுவலகத்தின் முன் அனுமதியைப் பெறவேண்டும். சுற்றுலா விசாவில் சென்று அங்கேயே மாணவர் விசாவாக மாற்றிக்கொள்ளலாம் என்று சொல்வதை நம்பாமல், யாழ்ப்பாணத்திலுள்ள இந்தியத் துணைத் தூதரகத்தில் உரிய விசாவைப் பெற்ற பின்னரே புறப்படவேண்டும்.

7. விசா வகையை மாற்றுதல்

*சுற்றுலா விசாவிலிருந்து மாணவர் விசாவுக்கு.* பிரித்தானியாவில் இது உள்நாட்டில் இயலாது. கனடாவிலும் பொதுவாக இயலாது. அவுஸ்திரேலியாவில் 2024 ஜூலை 1 முதல் சுற்றுலா விசாவில் உள்ளோரும் பட்டதாரித் தற்காலிக விசாவில் உள்ளோரும் நாட்டுக்குள் இருந்து மாணவர் விசாவுக்கு விண்ணப்பிக்க முடியாது. உறவினர் வீட்டுக்குச் சென்று அங்கேயே கல்லூரியில் சேர்ந்துவிடலாம் என்ற திட்டம் மூன்று நாடுகளிலும் அடைபட்டுவிட்டது.

*மாணவர் விசாவிலிருந்து வேலை விசாவுக்கு.* பிரித்தானியாவில் 2023 ஜூலை 17 முதல், பாடநெறியை முடிக்குமுன் வேலை விசாவுக்கு மாற இயலாது. கலாநிதி மாணவர் மட்டும் 24 மாதம் படித்த பின்னர் மாறலாம். பட்டம் பெற்றோருக்குரிய பட்டதாரி விசா இரண்டாண்டுக்கும், கலாநிதிப் பட்டத்துக்கு மூன்றாண்டுக்கும் வழங்கப்படுகிறது. 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிக்கும் ஏனைய பட்டதாரிகளுக்கு அது 18 மாதமாகக் குறையும். கனடாவில் படிப்புக்குப் பிந்திய வேலை அனுமதிக்கு, படிப்பு முடிந்ததை நிறுவனம் உறுதிசெய்த நாளிலிருந்து 180 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். 2024 நவம்பர் 1 முதல் மொழித் தேர்ச்சிச் சான்றும் கேட்கப்படுகிறது. அன்றோ அதன் பின்னரோ படிப்பு அனுமதிக்கு விண்ணப்பித்த கல்லூரி மாணவருக்குப் பாடத்துறைக் கட்டுப்பாடும் உண்டு. எனவே கல்லூரி மாறுவோர், மாறிய பாடநெறி அப்பட்டியலில் உள்ளதா என்று மாறுமுன் பார்க்கவேண்டும்.

*துணைவரை அழைத்தல்.* 2024 ஜனவரி 1 முதல் பிரித்தானியாவில் படிக்கத் தொடங்குவோரில், ஆய்வுப் பட்ட மாணவரும் அரச புலமைப்பரிசில் பெற்றோரும் மட்டுமே துணைவரையும் பிள்ளைகளையும் அழைக்கலாம்.

8. யாழ்ப்பாணத்தில் சேர்க்கவேண்டிய ஆவணங்கள்

வெளிநாட்டில் உள்ள மாணவருக்கு வேண்டிய ஆவணங்களில் பாதி ஊரில் உள்ள பெற்றோரின் கையில்தான் உள்ளது. ஆகவே பெற்றோரும் இப்பகுதியை வாசித்துக்கொள்வது நல்லது.

1. *பிறப்புச் சான்றிதழ்.* பெற்றோரின் வங்கிக் கணக்கைக் காட்டும்போது உறவை நிறுவுவது இதுவே. போர்க்கால இடப்பெயர்வில் மூலப் பிரதியை இழந்தோர் பிரதேச செயலகத்தின் பதிவாளர் பிரிவில் சான்றுப்படுத்திய பிரதியைப் பெற்று, சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரைக் கொண்டு ஆங்கிலத்தில் மொழிபெயர்ப்பித்துக்கொள்ள வேண்டும். வெளிநாட்டு நிறுவனம் உறுதிப்படுத்தல் முத்திரை கேட்டால், யாழ்ப்பாணத்திலுள்ள வெளிவிவகார அமைச்சின் பிராந்தியக் கொன்சியூலர் அலுவலகத்தை அணுகலாம்.

2. *பெயர் ஒற்றுமை.* தந்தையின் பெயரை முதலெழுத்தாகவோ முழுமையாகவோ முன்னே வைக்கும் நம் வழக்கத்தால், கடவுச்சீட்டு, உயர்தரப் பெறுபேறு, வங்கிக் கணக்கு ஆகியவற்றில் ஒருவரின் பெயர் மூன்று விதமாக இருப்பதுண்டு. ‘த’ ஒலிக்கு ஓர் ஆவணத்தில் ஓர் ஆங்கில எழுத்தும் மற்றொன்றில் ஈரெழுத்தும் இட்டிருந்தாலே கேள்வி எழும். இவை அனைத்தும் ஒருவரையே குறிக்கும் எனச் சமாதான நீதவான் முன்னிலையில் செய்த சத்தியக்கடதாசி ஒன்றை விண்ணப்பத்தோடு இணைப்பது நன்று.

3. *வங்கிக் கூற்று.* பிரித்தானிய விண்ணப்பத்துக்கு மாணவர், அவரது துணைவர், பெற்றோர், சட்டப்படியான பாதுகாவலர் ஆகியோரின் கணக்குகளே பொதுவாக ஏற்கப்படும். ரொறன்ரோவில் உள்ள மாமாவின் கணக்கோ பாரிசில் உள்ள சித்தப்பாவின் கணக்கோ அங்கு பயன்படாது. பெற்றோர் கணக்காயின் பிறப்புச் சான்றிதழோடு அவர்களின் இசைவுக் கடிதமும் வேண்டும். கனடாவுக்கும் அவுஸ்திரேலியாவுக்கும் உறவினர் உதவலாம். ஆயினும் உறவுச் சான்றும், உதவும் ஆற்றலைக் காட்டும் வருமானச் சான்றும் இணைக்கப்படவேண்டும்.

4. *பணம் வந்த வழி.* உண்டியல் வழியாக வந்த பணத்துக்கு வங்கிப் பதிவு இராது. விண்ணப்பத்துக்கு முந்திய நாளில் கணக்கில் திடீரெனச் சேர்ந்த பெருந்தொகையைக் கண்டதும் அதிகாரி அதன் மூலத்தைக் கேட்பார்; விடை கூற ஆவணம் இராது. படிப்புக்கான பணம் முழுவதும் வங்கி வழியாகவே செல்லவேண்டும். காணி விற்ற பணமாயின் உறுதியின் பிரதியை வைத்திருக்க வேண்டும். காணி உறுதியும் நகை மதிப்பீடும் குடும்பத்தின் வசதியைக் காட்டலாமேயன்றி, கையிலுள்ள பணத்துக்கு ஈடாகமாட்டா.

5. *கடவுச்சீட்டு.* ஊருக்கு வந்துள்ள மாணவர் 2025 செப்டெம்பரில் திறக்கப்பட்ட யாழ்ப்பாணக் கடவுச்சீட்டு அலுவலகத்தைப் பயன்படுத்தலாம். வெளிநாட்டில் இருப்போர் இலங்கை உயர்ஸ்தானிகராலயம் வழியாக விண்ணப்பிக்க வேண்டியிருப்பதாலும், அதற்குக் காலம் எடுப்பதாலும், விசா முடிய ஓராண்டு இருக்கும்போதே கடவுச்சீட்டின் திகதியைப் பார்க்கவேண்டும்.

9. அடிக்கடி நேரும் தவறுகள்

1. முகவரின் மின்னஞ்சலைக் கொடுத்து விண்ணப்பித்தல். அறிவித்தல்கள் அவருக்கே செல்லும். கட்டணத் தகராறு எழுந்தால் அவர் அவற்றை மறைக்கவும் கூடும். மின்னஞ்சலும் கடவுச்சொல்லும் மாணவருடையவையாக இருக்கவேண்டும்.

2. முன்னர் பெற்ற விசா நிராகரிப்பை மறைத்தல். நாடுகள் தம்முள் தகவல் பகிர்கின்றன. நிராகரிப்பு இருப்பது பெருங்குறை அன்று. அதை மறைப்பதே குற்றம்.

3. போலிக் கடிதம். பொய்த் தகவலுக்குக் கனடா ஐந்தாண்டும், அவுஸ்திரேலியா மூன்றாண்டும், பிரித்தானியா பத்தாண்டு வரையும் தடை விதிக்க இயலும். 2023இல், தாம் அறியாமலே முகவர் கொடுத்த போலி அனுமதிக் கடிதங்களோடு கனடா சென்ற இந்திய மாணவர் பலர் நாடுகடத்தல் ஆணைகளை எதிர்கொண்டனர். அவ்வாண்டு டிசெம்பர் முதல் ஒவ்வொரு கடிதத்தையும் நிறுவனத்திடம் நேரடியாகச் சரிபார்க்கும் முறையைக் கனடா கொண்டுவந்தது. கடிதம் கிடைத்ததும் மாணவர் தாமே நிறுவனத்துக்கு எழுதி உறுதிசெய்துகொள்ள வேண்டும்.

4. வேலை மணித்தியாலத்தை மீறுதல். வகுப்புக் காலத்தில் பட்டப்படிப்பு மாணவருக்குப் பிரித்தானியாவில் வாரத்துக்கு 20 மணித்தியாலம், அவுஸ்திரேலியாவில் இரு வாரத்துக்கு 48 மணித்தியாலம் என்பதே எல்லை. கையில் காசாக வாங்கும் வேலையும் இக்கணக்கில் சேரும்.

10. நிலை தவறிவிட்டால்

விசா முடிந்தபின் மறைந்து வாழ்வது, ஒரு சிறு பிழையைத் திருத்தமுடியாத பிழையாக்கிவிடும். கனடாவில் நிலை இழந்த 90 நாளுக்குள் மீள்நிலைக்கு விண்ணப்பிக்கலாம். முடிவு வரும்வரை படிக்கவோ வேலை செய்யவோ கூடாது. பிரித்தானியாவில் 30 நாளுக்கு மேல் தங்கிவிட்டவர், சொந்தச் செலவில் வெளியேறினாலும் ஓராண்டுத் தடைக்கு உள்ளாகலாம். அவுஸ்திரேலியாவில் விசா முடிந்து 28 நாளுக்கு மேல் தங்கி வெளியேறுவோருக்கு மூன்றாண்டுத் தடை உண்டு. ஆகவே முதல் வாரத்திலேயே தகுதியான ஆலோசகரை அணுகவேண்டும்.

விசா முடியும் வேளையில், ‘அகதிக் கோரிக்கை போட்டால் இருக்கலாம்’ என்று சிலர் ஆலோசனை கூறுவர். உண்மையான அச்சம் உள்ளவருக்கு அது சட்டம் தரும் உரிமை. அவர் தாமதியாமல் சட்டத்தரணியிடம் செல்லவேண்டும். அச்சம் இல்லாதவர் விசாவுக்குப் பதிலாக அதைப் பயன்படுத்தினால், கோரிக்கை தோற்பதோடு பின்னைய விண்ணப்பங்களின் நம்பகத்தன்மையும் கெடும்.

11. யாரிடம் ஆலோசனை பெறுவது?

யாழ்ப்பாண நகரிலுள்ள கல்வி முகவர் நிலையம் கல்லூரியில் இடம் பெற்றுத்தரலாம். அதனால் அது குடிவரவுச் சட்ட ஆலோசகர் ஆகிவிடாது. கல்லூரிகள் தரும் தரகு முகவரின் ஆலோசனையை ஒரு பக்கம் சாய்க்கக்கூடும் என்பதையும் நினைவிற்கொள்ள வேண்டும். பிரித்தானியாவில் குடிவரவு ஆலோசனை அதிகாரசபையில் பதிந்தவரும் சட்டத்தரணிகளும், கனடாவில் குடிவரவு, குடியுரிமை ஆலோசகர் கல்லூரியில் உரிமம் பெற்றவரும் சட்டத்தரணிகளும், அவுஸ்திரேலியாவில் பதிவுபெற்ற குடிபெயர்வு முகவரும் சட்டத்தரணிகளும் மட்டுமே கட்டணம் பெற்று ஆலோசனை வழங்கலாம். பதிவு இலக்கத்தைக் கேட்டு, அரச பதிவேட்டில் பார்த்த பின்னரே பணம் செலுத்தவேண்டும். பல்கலைக்கழகத்தின் சர்வதேச மாணவர் பிரிவு இலவசமாகவே உதவும். முதலில் செல்லவேண்டிய இடமும் அதுவே.

12. விலகற் படிவத்தில் கையொப்பமிடுமுன்

பின்வரும் ஆறு கேள்விகளுக்கும் ‘ஆம்’ என விடை வரும்வரை பழைய நிறுவனத்தை விட்டு விலகுதல் கூடாது.

1. புதிய நிறுவனம் அரச பட்டியலில் உள்ளதா?
2. அதன் அனுமதிக் கடிதமும் சேர்க்கை உறுதிப்பத்திரமும் கையில் உள்ளனவா, அவை நிறுவனத்திடம் நேரடியாக உறுதிசெய்யப்பட்டனவா?
3. தேவையான புதிய விசா அல்லது அனுமதி வழங்கப்பட்டுவிட்டதா?
4. புதிய பாடநெறி முடிந்தபின் வேலை அனுமதிக்குத் தகுதி உண்டா என்று பார்த்தாயிற்றா?
5. மீளக் கிடைக்கும் கட்டணம் எவ்வளவு என்பது எழுத்தில் உள்ளதா?
6. எல்லா ஆவணங்களின் பிரதியும் மாணவரிடமும் ஊரில் பெற்றோரிடமும் உள்ளனவா?

மூன்றாவது கேள்விக்கு ‘இல்லை’ என்ற விடை வந்தால், ஏனைய ஐந்துக்கும் ‘ஆம்’ என்று வந்தாலும் காத்திருக்கவேண்டும். ஒரு தவணைக் கட்டணத்தைக் கூடுதலாகச் செலுத்தியேனும் பழைய பதிவைத் தொடர்வது, தடைக்கு உள்ளாகி மீண்டும் முதலிலிருந்து தொடங்குவதைவிடக் குடும்பத்துக்குக் குறைந்த சுமையாகும்.